சொந்த வீடில்லாத ஆண்களின் ஊரில் கடன்

நம் தொழில்துறை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும்,

இந்த மாதக் கடைசியில் நான் இராமநாதபுரத்தை விட்டுப் போகிறேன். சென்னைத் தலைமை அலுவலகத்தில், சுற்றறிக்கைகள் தயாராகும் அறையில், எனக்கு ஒரு நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்கள். இனி நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு படிக்கப்போகும் தாள்களில் சில என் கையால் எழுதியவையாக இருக்கும். அந்தக் காரியத்தைத் தொடங்குவதற்கு முன் உருப்படியாக ஒன்றை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில், உங்களிடம் விட்டுப்போகும் பொருட்கள். ஒரு ஜீப், தள்ளினால் கிளம்பும், ஆகவே தள்ளுவதற்கு ஆள் கிடைக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். ஒரு மேஜை, மேல் இழுப்பறை திறக்காது, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு முன்பிருந்தவருக்கும் தெரியாது. ஒரு மைக்ரோமீட்டர், இது என் சொந்தக் காசில் வாங்கியது, விட்டுப்போகிறேன், கடற்காற்றில் துரு ஏறாமல் எண்ணெய் போட்டு வையுங்கள். கடைசியாகத் திட்டக் கையேடு. அதற்கு எண்ணெய் தேவையில்லை.

கையேடு சொல்லும் திட்டம் எளிமையானதுதான். சிறுதொழில் செய்பவர்களுக்கு அரசு கடன் கொடுக்க விரும்புகிறது. நேராகக் கொடுத்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயமோ என்னவோ, உள்ளூர் வங்கிகள் வழியாகக் கொடுக்கிறது. கேட்பவருக்குத் தொழில் தெரியுமா, அவர் கேட்கும் இயந்திரம் அந்தத் தொழிலுக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்வது நம் வேலை. கிளையின் தலைவரான வங்கி ஏஜெண்ட், அவரிடம் ஈடாக வைக்க என்ன இருக்கிறது என்று பார்ப்பார். நாம் ‘தரலாம்’ என்று எழுதுவோம். அவர் ‘தருவதற்கில்லை’ என்று எழுதுவார். இரண்டையும் ஒரே நூலில் கோத்து அலமாரியில் வைப்பார்கள். இதற்குத் தொழில் வளர்ச்சி என்று பெயர்.

நான் வந்தபோது கடற்கரை ஊரான கீழக்கரையில் இந்தத் திட்டத்தின் கீழ் ஒரு கடன்கூடக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. தலைமை அலுவலகம் அதற்குக் காரணமும் கண்டுபிடித்திருந்தது: அவ்வூர் மக்களுக்குத் தொழில் முனைப்பு போதாது. தலைமை அலுவலகம் நிற்கிற மனை தோப்பாக இருந்த காலத்திலேயே இந்த ஊர்க்காரர்கள் கடல் தாண்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முனைப்பு போதாது என்று, கடலை மாலை நேரக் காற்றுக்காக மட்டும் பயன்படுத்தும் ஓர் அதிகாரி எழுதியிருந்தார்.

மீரா சாகிபு கீழக்கரை வங்கிக்குக் கடன் கேட்டு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அவர் கொழும்பில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். இலங்கையில் அனுமதிச் சீட்டுக் கெடுபிடிகள் வந்த பிறகு திரும்பி வந்துவிட்டார். நம் கரையில் அப்போதுதான் என்ஜின் வைத்த படகுகள் ஓடத் தொடங்கியிருந்தன. மண்டபத்திலோ இராமேஸ்வரத்திலோ ஒரு படகின் ஷாஃப்ட் உடைந்தால் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். வேலை முடிந்து வரும்வரை படகு மணலில் படுத்திருக்கும். ஒரு கடைசல் இயந்திரம் வாங்கி, கீழக்கரையிலேயே பட்டறை போட வேண்டும் என்பது மீரா சாகிபின் எண்ணம். மதுரையில் பழைய இயந்திரம் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். இயந்திரத்தை நான் போய்ப் பார்த்திருந்தேன். அவர் வேலை செய்வதையும் பார்த்திருந்தேன். ‘தரலாம்’ என்று எழுதிவிட்டேன்.

ஏஜெண்ட் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவரல்ல. எந்தக் கடனும் திரும்பாமல் போனதில்லை என்ற பெருமை அவருக்கு உண்டு. கடனே கொடுக்காதவருக்கு அந்தப் பெருமை சுலபமாகக் கிடைக்கும்.

“சொந்த வீடு இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றார் மீரா சாகிபு.

“இப்பக் குடியிருக்கிறது?”

“அது எங்க வூட்டுக்காரி வீடு.”

“உங்கப்பா வீடு?”

“எங்க வாப்பா இருக்கதும் எங்க உம்மா வீடுதான். அது தங்கச்சிக்கு எழுதியாச்சு.”

“அண்ணன் தம்பி யாராச்சும்?”

“இருக்காக. அவுகளும் அவுக பொஞ்சாதி வீட்டுல இருக்காக.”

ஏஜெண்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க குடும்பத்துல ஒரு ஆம்பளைக்குக்கூடக் கூரை இல்லீங்களா?”

“கூரை எல்லாத்துக்கும் இருக்குங்க. கூரைக்கு அடியிலதான் இருக்கோம். எங்களோடது இல்ல, அம்புட்டுத்தான்.”

ஏஜெண்டின் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. அவருடைய ஊரில் மனைவி வீட்டில் குடியிருக்கும் ஆண், சொந்தக்காரர்கள் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவான். மீரா சாகிபு வெளியே போனதும், “வீட்டோட மாப்பிள்ளைங்க அம்மணி. பொண்டாட்டி தயவுல காலம் தள்றவர். இவருக்கு எதை நம்பிக் கொடுக்கிறது?” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வங்கியின் ஜன்னல்கள் பெரியவை.

வாசலில் மீரா சாகிபு காத்திருந்தார். காதில் விழுந்திருந்தது. கோபப்படாமல் சிரித்தார்.

“அவுக சொன்னதுல பொய் ஒன்னும் இல்லையே எஞ்சினியரம்மா. ஆனா இந்த ஊர்ல பெரிய பெரிய மொதலாளியெல்லாம் அப்படித்தான். மகளுக்குக் கல்யாணம் பண்ணினா வீடு குடுக்கணும். மாப்புள்ள அங்கன போய் இருக்கணும். வீடு பூராவும் பொம்பளைகளோடது. நாங்க கடலுக்கு அந்தப் பக்கம் சம்பாதிச்சு, இந்தப் பக்கம் வந்து சாப்புட்டுட்டுப் போறவுக.”

இதைத்தான் கையேடு எழுதியவர் கேட்டறியவில்லை. விண்ணப்பதாரர் தம் பெயரிலுள்ள வீட்டை ஈடு காட்டவேண்டும் என்று விதி. அந்த ஊரில் ஆண் யாருக்கும் வீடு கிடையாது. விண்ணப்பிப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். ஓர் ஊரையே ஒரு வரியில் தகுதி நீக்கம் செய்துவிட்டு, ஏன் ஒருவரும் வரவில்லை என்று ஆண்டுதோறும் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“அப்ப என்ன பண்ணப்போறீங்க?” என்று கேட்டேன்.

“பினாங்குல மச்சினன் இருக்காரு. டிக்கெட்டு அனுப்பிட்டாரு. அடுத்த மாசம் நாகப்பட்டணத்துல கப்பல்.” கொஞ்சம் நிறுத்தினார். “கல்யாணம் ஆன நாளா நான் விருந்தாளி மாதிரிதாம்மா வந்துட்டுப் போறேன். போன தடவை வந்தப்ப சின்ன மக கதவைத் தொறந்துட்டு, ‘உம்மா, ஆரோ வந்திருக்காக’ன்னுச்சு. இந்தத் தடவை இங்கனயே இருந்துறலாம்னு நெனச்சேன்.”

நீங்கள் படித்த பாடப்புத்தகங்களில் கடனுக்கான தேவை என்ற தலைப்பில் இது வராது. நான் மூலதனம், உழைப்பு, மின்சாரம் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தேன். மகள் முகம் மறந்துவிடாமல் இருப்பது என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

மனைவியின் வீட்டை ஈடு வைக்கலாமே என்று ஏஜெண்டிடம் கேட்டேன். வைக்கலாம் என்றார். ஆனால் அந்த மனைவி சம்மதித்து, ஏஜெண்ட் முன்னிலையில் கையெழுத்துப் போடவேண்டும். அவர் கோஷா, அயலார் முன் வரமாட்டார். ஆகவே வைக்கலாம், ஆனால் முடியாது. ஏஜெண்ட் இதைச் சொல்லும்போது மிக நிம்மதியாக இருந்தார்.

அதற்குப் பிறகுதான் நான் மீரா சாகிபின் மனைவி கதீஜா பீவியைப் பார்க்கப் போனேன். அந்த ஊரில் பெண்கள் நடமாடுவதற்கென்று வீடுகளின் பின்புறம் குறுகிய சந்துகள் உண்டு. அவற்றில் ஆண்கள் வரமாட்டார்கள். நம் துறையில் அந்தச் சந்தில் நடந்து போகக்கூடிய அதிகாரி நான் ஒருத்திதான். பொறியியல் படித்த பெண்ணை வேலைக்கு எடுத்து என்ன செய்வது என்று நேர்முகத் தேர்வில் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கான பதில் அந்தச் சந்தில் கிடந்தது.

கதவைத் திறந்த கதீஜா பீவி என் தோல்பையைப் பார்த்துவிட்டு, “யாருக்கு ஊசி? இங்க ஒருத்தருக்கும் காச்ச இல்லையே” என்றார். இந்தக் கரையில் தோல்பையோடு வரும் பெண் நர்சாகத்தான் இருக்கமுடியும். மூன்று தடவை விளக்கினேன். கடைசிவரை என்னை நர்சம்மா என்றே கூப்பிட்டார்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். உட்காரவைத்து, ரொட்டியும் தேநீரும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். மூத்த மகள் அஜீமா தூணருகே நின்றாள். நான் வந்த காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது.

“வீடு என்னோடதுன்னு அவுக சொல்லியிருப்பாக. என்னோடது இல்ல நர்சம்மா. எங்க உம்மா எனக்குத் தந்தாக. நான் இவளுக்குத் தரணும். நடுவுல கொஞ்ச நாள் காவல் இருக்கேன். காவக்காரி வீட்டை அடமானம் வைக்கலாமா?”

“வைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை” என்றேன்.

“பின்ன எதுக்கு வந்தீங்க?”

“கேட்டால் பதில் சொல்ல.”

அவர் யோசித்தார். பிறகு நேராகக் கேட்டார். “மெஷின் வாங்கிப்போட்டு, தொழில் படுத்துருச்சுன்னா வீடு போகுமா?”

கையேட்டில் இந்தக் கேள்விக்கென்றே நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. ‘அத்தகைய நிலை எழ வாய்ப்பு மிகக் குறைவு’ என்று தொடங்கும். நன்றாக எழுதப்பட்ட வாக்கியங்கள். அவற்றை எழுதியவர் யாருடைய கூடத்திலும் உட்கார்ந்து சொல்லிப் பார்த்ததில்லை.

“போகும்” என்றேன்.

அஜீமா தலையை நிமிர்த்தினாள். கதீஜா பீவி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. தேநீரை எனக்கு இன்னும் அருகில் நகர்த்தி வைத்தார்.

“ஒன்னு கேக்குறேன். நீங்க படிச்சவுக, மெஷின் தெரிஞ்சவுக. அவுகளுக்கு அந்த வேல நெசமாவே வருமா?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“நான் எங்க பாத்தேன்? வேலையெல்லாம் கொழும்புல. இங்கன வந்தா தூங்குவாக, தொழுகைக்குப் போவாக, கூட்டாளிகளோட பேசிக்கிட்டு இருப்பாக. கல்யாணம் ஆன நாளா எம் மாப்புள்ள வேல செஞ்சு நான் கண்ணால பாத்ததில்ல. நல்ல ஆளுன்னு தெரியும். நல்ல ஃபிட்டரான்னு தெரியாது.”

தம்பிமார்களே, தங்கைகளும் இருந்தால் தங்கைகளே, நீங்கள் கையெழுத்துப் போடும் தொழில்நுட்பச் சான்றிதழ் எதற்காக என்று எப்போதாவது சந்தேகம் வந்தால் இந்தக் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வரை நான் என் சான்றிதழ்களை அலமாரிக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

பார்த்ததைச் சொன்னேன். மண்டபத்தில் ஒரு படகின் பம்ப் அடைத்துக்கொண்டது. படகுக்காரர் அவசரப்படுத்தினார், காற்று மாறுவதற்குள் கிளம்பவேண்டும் என்று கத்தினார். மீரா சாகிபு பம்பைப் பிரித்து மணலைக் கழுவினார். பிறகு, யாரும் கேட்காமலேயே, மணல் உள்ளே வந்த வழியைத் தேடிப் போனார். தண்ணீர் இழுக்கும் குழாயின் வாயில் மணலை வடிகட்டும் வலை கிழிந்திருந்தது. அதைச் சரிசெய்யும்வரை என்ஜினைத் தொடவிடவில்லை. படகுக்காரர் திட்டியதெல்லாம் காதில் விழாதவர் போல இருந்தார்.

“திட்டுனா அப்படித்தான் இருப்பாக” என்றார் கதீஜா பீவி. “அது எனக்குத் தெரியும்.” முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். “அப்ப வேல வரும்னு சொல்லுறீக.”

“வரும். தொழில் ஓடும் என்று சொல்லவில்லை. வேலை வரும் என்று சொல்கிறேன்.”

அவர் மகளைப் பார்த்தார். “ஏளா, வீடு உன்னோடது. நீ சொல்லு.”

அஜீமா தூணைப் பிடித்தபடியே, “கடன் முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாதில்ல உம்மா?” என்றாள்.

“எப்புடி எடுக்க? பத்திரம் பேங்குல இருந்தா எவன் வருவான்?”

“அப்ப வாங்குங்க” என்றாள். அந்த வீட்டில் அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தவள் அவள்தான்.

கதீஜா பீவி சம்மதித்தார். மூன்று நிபந்தனைகள். முதலாவது, கடன் அவர் பெயரில். பட்டறையும் அவர் பெயரில். “போனா எம் பேர்ல போகட்டும். வந்தாலும் எம் பேர்ல வரட்டும்.” இரண்டாவது, பட்டறைக்கு இடத்தை அவர்தான் பார்ப்பார். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறியது. “பொஞ்சாதி தயவுல இருக்கவருன்னு சொன்னாராமே உங்க ஏஜெண்டு. அவரு இங்க வந்து என்கிட்ட கேக்கட்டும்.”

ஏஜெண்ட் இதைக் கேட்டதும் வங்கியின் மானம், சட்டம், தம் உடல்நிலை ஆகிய மூன்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். சட்டத்துக்கு மட்டும் நான் பதில் சொன்னேன். சொத்துப் பதிவு அலுவலகத்தின் சார்பதிவாளர் கோஷாப் பெண்களின் வீட்டுக்கே போய்ப் பத்திரம் பதிவுசெய்து வருவது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. அரசாங்கத்துக்கே கௌரவம் குறையாத இடத்தில் வங்கிக்கு மட்டும் குறைந்துவிடுமா என்று கேட்டேன். கையேட்டில் அப்படி இல்லை என்றார். கூடாது என்றும் இல்லை என்றேன். அவர் கையேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவர் அதைத் திறந்து பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன், தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

கடைசியில் வந்தார். முன்கூடத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். மீரா சாகிபு பக்கத்தில் நின்றார். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே திரை. திரைக்கு உள்ளே கதீஜா பீவியும் நானும்; ஓர இடுக்கு வழியாக எனக்கு மட்டும் கூடம் தெரிந்தது.

ஏஜெண்ட் தொண்டையைச் செருமினார். “உள்ள இருக்கிறது கதீஜா பீவிதானுங்களா?”

“ஆமாங்க.”

“அது எனக்கு எப்படித் தெரியோணும்?”

“வெளிய இருக்கது பேங்கு ஏஜெண்டுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் கதீஜா பீவி. “நானும் கொரல மட்டுந்தானே கேக்குறேன். வீட்டைத் தரப்போறது நான். பயப்பட வேண்டியது நீங்களா, நானா?”

மீரா சாகிபு தரையைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின.

“அம்மணி உள்ளதான் இருக்கறாங்க, அவங்க சாட்சி சொல்லட்டும்” என்றார் ஏஜெண்ட். சொன்னேன். அவர் அடுத்ததற்குப் போனார். “உங்க மார்க்கத்துல வட்டி கூடாதும்பாங்க. பின்னாடி அதைச் சொல்லிக் கட்டாம விட்டுட்டா?”

இந்த இடத்தில் நான் குறுக்கிடலாம் என்று நினைத்தேன். தேவைப்படவில்லை.

“அதுக்கு அல்லாட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். அதுல உங்களுக்குப் பங்கு வேணாம். வாங்குனதக் கட்டாம விடுறதும் எங்க மார்க்கத்துல கூடாதுதான். அத உங்களுக்கு ஆரும் சொல்லலையா?”

பிறகு ஏஜெண்ட், “சரிங்க. உங்க வீட்டை ஈடா வைக்கச் சம்மதமுங்களா?” என்றார்.

“இது கேள்வி. இதுக்குத்தான் உங்கள வரச்சொன்னேன்” என்றார் கதீஜா பீவி. “சம்மதம். ஆனா ஒன்னு. நீங்க பத்திரத்தை வாங்கிக்கிட்டு இரும்புப் பொட்டியில வைப்பீக. அது உங்களுக்குப் பந்தோபஸ்து. எனக்கு என்ன பந்தோபஸ்து?”

“உங்களுக்கா? உங்களுக்கு எதுக்குங்க?”

“நான் வீட்டை வச்ச மறுநாள் அவுக கப்பலேறிட்டா?” திரையின் ஓரத்தில் கையை மட்டும் நீட்டினார். “டிக்கெட்டைக் குடுங்க.”

மீரா சாகிபின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பினாங்கு டிக்கெட் அங்கேதான் இருந்தது. அதைக் கையோடு வைத்திருந்தார் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். கதீஜா பீவி எப்போதோ கவனித்திருந்தார். மீரா சாகிபு டிக்கெட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார். கை உள்ளே போயிற்று. வெற்றிலைப் பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“இப்பக் கொண்டாங்க, எங்க போடணும்?” என்றார்.

ஏஜெண்ட் தம் பணிக்காலத்தில் எத்தனையோ ஈடுகளைப் பார்த்திருப்பார். அன்று திரும்பும்போது ஜீப்பைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தவர், “நாம அந்த டிக்கெட்டைக் கேக்கோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க அம்மணி” என்றார். அதற்குப் பிறகு அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

இடம் பார்த்த கதையையும் சொல்லவேண்டும். படகுத்துறைக்கு அருகே நல்ல கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடந்தது. கதீஜா பீவி அதை வேண்டாம் என்றார். ஊருக்குள், துறையிலிருந்து தள்ளி, பெண்கள் நடக்கும் சந்தில் பின்சுவர் முட்டும் ஒரு பழைய கிடங்கைப் பிடித்தார். ஷாஃப்ட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டிய இடம். ‘இடத் தேர்வு திருப்திகரமாக இல்லை’ என்று அறிக்கையில் எழுதினேன். தொழில்நுட்ப ரீதியில் அது சரியான வாக்கியம். இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் அந்தச் சந்து வழியாகப் போனேன். கிடங்கின் பின்சுவரில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. கதீஜா பீவி முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி அங்கே நின்றிருந்தார். உள்ளே மீரா சாகிபு முதுகைக் காட்டிக்கொண்டு இரும்பைக் கடைந்துகொண்டிருந்தார். நான் வந்த வழியே திரும்பி வேறு சந்தில் போனேன். அறிக்கையைத் திருத்தவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எப்படி விளக்குவது?

தலைமை அலுவலகம் இதற்குள் மகிழ்ச்சியில் இருந்தது. கீழக்கரையில் முதல் கடன்; அதுவும் ஒரு பெண்ணுக்கு. துறையின் ஆண்டு மலரில் வெளியிட, கடன் பெற்றவரின் புகைப்படத்தை உடனே அனுப்பு என்றார்கள். அவர் கோஷா என்று எழுதினேன். ‘அதனால் என்ன, நல்ல வெளிச்சத்தில் எடுக்கவும்’ என்று பதில் வந்தது. கடைசல் இயந்திரத்தைப் படமெடுத்து அனுப்பினேன். மலர் வந்தது. இயந்திரத்தின் படம், அதன் கீழே ‘திருமதி கதீஜா பீவி’ என்று அச்சிட்டிருந்தார்கள். யாரும் எதையும் சொல்லவில்லை. கதீஜா பீவியிடம் காட்டியபோது, “என்னைவிட இது கொஞ்சம் பருமன்” என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நம் துறை ஒரு நல்ல காரியத்தைக் கண்டால் அதை விதியாக்காமல் விடாது. சில மாதங்களில் சுற்றறிக்கை வந்தது: மாவட்டம் முழுவதும், இனி விண்ணப்பதாரரின் மனைவி பெயரிலுள்ள வீட்டையே ஈடாகப் பெறவேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கமுதிக்குப் போனேன். அது கடலுக்குத் தூரமான கரிசல் பூமி. வீடும் நிலமும் அப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகும். மிளகாய் அரைக்கும் மில் வைக்க விரும்பிய ஒருவரிடம் விதியை வாசித்துக் காட்டினேன்.

“எம் பொஞ்சாதி பேர்ல வீடா?” என்றார் அவர். “ஏந்தாயி, அவ பேர்ல ஒரு கோழிகூடக் கெடையாது.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏன் கெடையாது? கோழி பூராவும் என்னோடது. அதைப் பேங்குக்கு எழுதித்தர மாட்டேன், சொல்லிப்புட்டேன்.”

கமுதியில் அதற்குப் பிறகு வெகுநாள் கடன் எதுவும் போகவில்லை. அவ்வூர் மக்களுக்குத் தொழில் முனைப்பு போதாது என்று இப்போது கோப்பில் இருக்கிறது. சென்னையில் நான் முதலில் தேடப்போவது அந்தச் சுற்றறிக்கையைத்தான்.

போன வாரம் கீழக்கரைக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். கதீஜா பீவி சலித்துக்கொண்டார். “வாரவுக போறவுக எல்லாம் பட்டறைக்கு வழி கேட்டு இங்கன வாராக. அந்த மெஷின் சத்தம் ஓயிறதில்ல. அவுக கொழும்புல இருந்தப்ப வீடு எம்புட்டு அமைதியா இருந்துச்சு தெரியுமா நர்சம்மா?” சின்ன மகள் வாப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அஜீமாவுக்கு வரன்கள் வரத் தொடங்கியிருக்கின்றன; பத்திரம் வரட்டும் என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் கடனில் இன்னும் சில தவணைகள்தான் பாக்கி. அவள் கவலை அதுதான்.

“டிக்கெட் என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“வச்சிருக்கேன். பத்திரம் வீடு வந்து சேந்த அன்னைக்கு அவுக கையில குடுத்துருவேன். பேச்சு பேச்சுதானே.”

“அந்தக் கப்பல் போய் எவ்வளவோ நாளாகிவிட்டதே.”

“அதனாலதான் குடுக்குறேன்” என்றார்.

ஆக, உங்களுக்கு நான் விட்டுப்போகும் வேலைகளில் கடைசி இது. கடன் முடியும்போது நான் இருக்கமாட்டேன். வீட்டுப் பத்திரத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள். வங்கிக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள். உங்களில் ஒருவர் எடுத்துக்கொண்டு போங்கள். பெண்ணாக இருந்தால் பின் சந்து வழியாக, ஆணாக இருந்தால் முன்கூடத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்து. மீரா சாகிபு வாங்கிக்கொள்ளக் கையை நீட்டுவார். கொடுத்துவிடாதீர்கள். திரைக்கு வெளியே ஒரு கை வரும், அதில் வையுங்கள். உடனே எழுந்துவிடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். வெற்றிலைப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்கும்வரை.

அதற்குப் பிறகு நடப்பதை அறிக்கையில் எழுதவேண்டாம். விதியாக்கிவிடுவார்கள்.